நாயும் பூனையும் சுகமில்லாமற் கிடக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழி

வளர்ப்புப் பிராணிகளின் நோய்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நோயின் பெயரிலிருந்து தொடங்குகின்றன. வீட்டில் நிற்பவருக்கோ அந்தப் பெயர் தெரியாது. இரவு வைத்த சோறு தட்டில் அப்படியே இருப்பதும், படலைச் சத்தம் கேட்டால் ஓடிவரும் நாய் இன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடப்பதும் மாத்திரமே அவருக்குத் தெரியும். ஆகையால் இங்கே கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குகிறேன். நான் மிருக வைத்தியர் அல்லன். திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கத்தில், பல வருடங்களாக நாய்களும் பூனைகளும் வளர்த்து, சிலவற்றைக் காப்பாற்றி, சிலவற்றைத் தாமதத்தால் இழந்தவன். எப்போது காலை வரை காத்திருக்கலாம், எப்போது அந்த நிமிடமே ஓட்டோ பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்குத்தான் இது உதவும். வைத்தியரின் இடத்தை இது பிடிக்காது.

எந்த அறிகுறியானாலும் முதலில் முரசைப் பாருங்கள்

மேலுதட்டை மெதுவாக உயர்த்தினால் பல்லுக்கு மேலே முரசு, அதாவது ஈறு, தெரியும். சுகமான நாய்க்கும் பூனைக்கும் அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது அல்லது உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. மஞ்சளாக இருந்தால் ஈரலிலோ இரத்தத்திலோ கோளாறு. நீலம் அல்லது மண்ணிறமானால் உடம்புக்குப் பிராணவாயு போதவில்லை. இந்த மூன்றில் எதுவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு; அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து அதன் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பவற்றை வைத்துக் காய்ச்சலைத் தீர்மானிக்க முடியாது. நாய்க்கும் பூனைக்கும் உடல் வெப்பநிலை இயல்பாகவே 38 பாகை முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும் என்பதால், நமது கைக்கு அவை எப்போதும் சூடாகத்தான் தெரியும். மலிவான டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைப் பிராணிக்கென்று தனியாக வாங்கி, நுனியில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, மலவாயில் வைத்துப் பார்ப்பதே சரியான வழி. பிராணி உறங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு விடுகிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஓய்விலேயே நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. இவற்றையெல்லாம் பிராணி சுகமாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்துப் பழகியவருக்கு, சுகமில்லாத நாளில் எது மாறியிருக்கிறது என்பது உடனே தெரியும்.

சாப்பிட மறுத்து ஒதுங்கிக் கிடந்தால்

இந்த ஊரில் வளர்ந்த நாய் ஒன்று காரணம் தெரியாமல் சாப்பாட்டை விட்டால் நான் முதலில் ஐயப்படுவது உண்ணிக் காய்ச்சலையே. நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகள் இலங்கை நாய்களிடம் மிகவும் பரவலாக உள்ளவை. ஆறு வருடங்களுக்கு முன்பு எங்கள் மணி சாப்பிடாமல் இருந்தபோது, அது கோபித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி மீனும் ஈரலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் நான்கு நாட்கள் வீணாகிவிட்டன. ஐந்தாம் நாள் காலையில் அது வேலியோரம் காலைத் தூக்கியபோது வெள்ளை மணலில் விழுந்த சிறுநீர் சாயம் கூடிய வெறுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. உதட்டை உயர்த்திப் பார்த்தேன். முரசு இளநீர் வழுக்கையைப் போல வெளுத்திருந்தது. மணி பிழைத்தது, ஆனால் பழையபடி ஓட இரண்டு மாதங்கள் சென்றன.

ஆகவே சாப்பிடாத நாயின் காதுக்குள், கால் விரல்களுக்கிடையில், கழுத்துப் பட்டியின் கீழ், வாலின் அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கண்ணில் படாவிட்டாலும் ஐயத்தை விட வேண்டாம். கடித்து விழுந்து பல நாட்கள் சென்ற பின்னரே காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல், வெளிறிய முரசு, கடுஞ்சிவப்பு அல்லது மண்ணிறச் சிறுநீர், மூக்கால் இரத்தம் வடிதல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் இரத்தப் பரிசோதனை அவசியம். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் பபீசியாவை முறையாகத் தீர்க்காது. அதற்கு வேறு மருந்து உண்டு. முன்பு அயல்வீட்டு நாய்க்குக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரையை இதற்கும் கொடுப்பது ஏன் பிழை என்பது இதனால் விளங்கும்.

உண்ணியைக் கழற்றும்போது தோலோடு ஒட்டிய இடத்தில் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெய் விடுவதும், நகத்தால் நசுக்குவதும் கிருமியைக் காயத்துக்குள்ளும் நமது கையிலும் சேர்க்கும் வேலைகள். இழுத்ததை ஸ்பிரிட் விட்ட சிறு போத்தலில் போட்டு மூடுங்கள். இதைவிட முக்கியமானது வீடு. நாயுண்ணி தன் வாழ்நாளின் பெரும் பகுதியை நாயின் உடம்பில் அல்லாமல் சுவர் வெடிப்பிலும், வாசற்படியின் கீழும், நாய் படுக்கும் சாக்கிலுமே கழிக்கிறது. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டு ஒரு மாதத்தில் மறுபடியும் உண்ணி நிறைந்தால், பெரும்பாலும் மருந்தில் குறையில்லை, சுவரில்தான் குறை. வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள், சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலில் போடுங்கள், வைத்தியர் சொல்லும் உண்ணி மருந்தை இடைவெளி விடாமல் தொடருங்கள்.

முரசும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகி, சத்தியும் சோர்வும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலையும் எண்ண வேண்டும். தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கங்களில் வயலோடு வாழும் நாய்களுக்கு, மாரி மழை தொடங்கிய பிறகு இந்த ஆபத்து கூடுகிறது. நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், அந்த நாய் நனைத்த இடத்தைக் கையுறையின்றித் துடைக்க வேண்டாம். வீட்டில் எவருக்காவது காய்ச்சல் வந்தால் நாயின் நோயை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சத்தியும் வயிற்றோட்டமும்

இங்கே வயதுதான் முதற்கேள்வி. தடுப்பூசி முடியாத, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி சத்தியெடுத்து, அதன் பின் இரத்தம் கலந்து கடும் நாற்றத்தோடு கழிந்தால், சோதனை முடிவு வரும்வரை அதைப் பார்வோ என்னும் வைரசு நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் அதைத் தொடர்ந்து இரத்தத்தில் பரவும் கிருமிகளுமே. நாளம் வழியாகச் சேலைன் ஏற்றுவது எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். தொடர்ந்து சத்தியெடுக்கும் குட்டிக்கு வாயால் ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருக்குவது பயன் தராது. புரையேறினால் நுரையீரலும் கெடும்.

பார்வோவில் ஒரு குட்டியை இழந்த நாங்கள், துக்கம் தாளாமல் மூன்று மாதத்தில் அதே முற்றத்துக்கு இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தோம். அதுவும் ஒன்பது நாளில் போய்விட்டது. அந்த வைரசு மண்ணில் பல மாதங்கள், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதை எங்களுக்கு அதுவரை எவரும் சொல்லவில்லை. சாதாரண சவர்க்காரமும் டெட்டோலும் அதற்குப் போதா. வெளிற்றுவதற்குப் பாவிக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, சுத்தமாகக் கழுவிய சீமெந்துத் தரையில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையைச் சுத்தப்படுத்த அப்படியொரு வழி இல்லை. எனவே நோய் வந்த வளவுக்குத் தடுப்பூசி முழுவதும் முடிந்த நாயை மாத்திரமே கொண்டுவாருங்கள். ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டியது. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டுக் குட்டியைத் தெருவில் விடுவதே இங்கு அடிக்கடி நடக்கும் பிழை.

வளர்ந்த நாய் ஒன்றிரண்டு முறை சத்தியெடுத்து, முரசு இயல்பாக இருந்து, வாலையும் ஆட்டினால் அரை நாள் உணவை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு உப்பும் தூளும் இடாத குழைந்த சோறும் அவித்த கோழியும் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு நாளுக்குள் தணியாவிட்டால், அல்லது இரத்தம் கண்டால் கொண்டுபோங்கள். வயிறு மத்தளம்போல உப்பி, சத்தி வராமலே ஓங்காளித்துக்கொண்டு நின்றால் இரைப்பை முறுகியிருக்கலாம். அதற்கு மணித்தியாலக் கணக்கு மாத்திரமே உண்டு.

வாயில் நுரை, நடுக்கம், தள்ளாட்டம்

இந்த அறிகுறிக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று உங்களையும் கொல்லக்கூடியது. ஆகையால் வாய்க்குள் கைவைப்பதற்கு முன் ஒரு கணம் நிதானியுங்கள். விசர்நோய் பிடித்த நாய் எப்போதும் சீறிக்கொண்டு ஓடிவரும் என்பது தவறான எண்ணம். சில நாய்கள் அமைதியாக, தாடை தொங்கி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நிற்கும். பார்ப்பவருக்கு அது தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே தெரியும். எலும்பை எடுக்கக் கைவிட்டவரின் விரலில் ஒரு சிறு கீறல் இருந்தாலே போதும். தடுப்பூசி போட்டதற்கு அட்டை இல்லாத நாய், அண்மையில் கட்டாக்காலி நாயோடு கடிபட்ட நாய், குரலோ குணமோ திடீரென்று மாறிய நாய் ஆகியவற்றின் வாயைத் தொடாமல், அறையிலோ கூட்டிலோ அடைத்துவிட்டு வைத்தியரை அழையுங்கள்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் முழுமையாகக் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; அங்கு ஊசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். கடித்த நாய் உங்கள் வீட்டு நாயாக இருந்தால் கொல்லாமல், விரட்டாமல், பதினான்கு நாட்கள் கட்டிவைத்துக் கவனியுங்கள். ஆனால் வைத்தியசாலைக்குப் போவதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. நோய்க்குறி தோன்றிய பிறகு நாய்க்கும் மனிதருக்கும் பிழைப்பு இல்லை எனலாம். இத்தனை கொடிய நோய்க்கு ஆண்டுக்கொருமுறை போடும் ஓர் ஊசி காவலாக இருக்கையில் அதைத் தவறவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விசர்நோய்க்கு இடமில்லையென்று உறுதியானால் மற்றக் காரணங்களைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இரவில் முற்றத்துக்கு வரும் தேரையை நாய் கௌவினால் சில நிமிடங்களில் நுரை தள்ளும். ஈரத் துணியால் முரசையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் கழுவுங்கள். பெரும்பாலான நாய்கள் தெளிந்துவிடும், நடுக்கம் தொடங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும். கடற்கரையில் நடக்கவிட்ட நாய் சிறிது நேரத்தில் பின்னங்கால் தளர்ந்து தள்ளாடினால் பேத்தை மீனை எண்ணுங்கள். கரைவலை இழுத்தவர்கள் வேண்டாமென்று வீசும் பேத்தை மணலில் காய்ந்து கிடந்தாலும் அதன் நஞ்சு போகாது, சமைத்தாலும் போகாது. முறிமருந்து கிடையாது, மூச்சு நின்றுவிடாமல் தாங்குவதே வைத்தியம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நாயோடு நடப்பவர்கள் வலை இழுத்த இடத்தைக் கடக்கும்போதாவது சங்கிலியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கி, எச்சில் ஒழுகி, தசை துடித்து, கழிச்சலும் சேர்ந்தால் பூச்சிநாசினி வயிற்றுக்குள் போயிருக்கக்கூடும். உப்புக் கரைசல் பருக்கிச் சத்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். உப்பே தனியொரு நஞ்சாகும். மருந்து இருந்த பெட்டியையோ லேபிளையோ எடுத்துக்கொண்டு போங்கள். எலிமருந்து வேறு விதம்: இரத்தம் உறையாமற் செய்யும் வகையைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாட்கள் ஒன்றுமில்லாததுபோல் இருந்துவிட்டு, பிறகு முரசிலும் மூக்கிலும் இரத்தம் கசியத் தொடங்கும். தின்றதைக் கண்டவுடன் போனால் விற்றமின் கே கொண்டு காப்பாற்றலாம்.

முகமோ காலோ திடீரென்று வீங்கினால் பாம்பு கடித்திருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கி இரத்தம் கசியும். நாகம் கடித்தால் தளர்ச்சியும் மூச்சுத் திணறலும் வரும். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கட்டுப் போடவும் கீறவும் வேண்டாம்.

மூச்சு வாங்கி நாக்கு சிவந்து தொங்கினால்

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்ட நாய்க்கும், கண்ணாடி ஏற்றிய வாகனத்தில் விடப்பட்ட நாய்க்கும் வெப்பப் பாதிப்பு விரைவில் வரும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் விரைவில். வெப்பநிலை 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் தொடர்ந்து ஊற்றி மின்விசிறியின் முன் கிடத்துங்கள். ஈரத் துவாயால் போர்த்தி விடுவது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, தெளிந்ததுபோல் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாயை முன்னங்காலால் பிராண்டினால்

மீன்பிடி ஊரில் இதற்குத் தூண்டில் முள்ளே முதற்காரணம். வாயின் ஓரத்தில் நைலோன் நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்க வேண்டும் என்றே கை போகும். இழுக்காதீர்கள். முள் தொண்டையிலோ இரைப்பையிலோ கொளுவியிருந்தால் இழுவையில் அது கிழித்துவிடும். நூலை வெட்டவும் வேண்டாம். வைத்தியர் முள்ளைத் தேடிப் போவதற்கு அந்த நூலே வழி. நூலைக் கழுத்துப் பட்டியில் தளர்வாகக் கட்டி அப்படியே கொண்டுபோங்கள். பூனையின் நாக்கின் அடியிலும் நூல் சுற்றியிருக்கலாம் என்பதால் அங்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

பூனைக்கு மாத்திரம் உரியவை

கடுவன் பூனை அடிக்கடி மண்ணில் போய்க் குந்தி, கத்தி, ஒரு துளியும் போகாமல் எழுந்து வந்தால் பலர் அதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் கொடுக்கிறார்கள். சிறுநீர்வழி அடைபட்டிருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அடிவயிற்றில் தேசிக்காய் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கடினமான உருண்டை கைக்குத் தட்டுப்பட்டால் அன்றே, இரவானாலும், வைத்தியரைத் தேடுங்கள்.

பெனடோலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மாத்திரையின் ஒரு பகுதியே போதும், முரசு மண்ணிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு முட்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சிறுமி தன் பூனைக்குக் காய்ச்சல் என்று அன்போடு கொடுத்த பாதி மாத்திரையால் அது மறுநாள் இறந்தது. அந்தப் பிள்ளைக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே இதை எழுத என்னைத் தூண்டியது. நாயின் முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணித் திரவமும் பூனைக்கு நஞ்சு. இரண்டையும் ஒன்றாக வளர்ப்பவர்கள் லேபிளை வாசிக்காமல் விட வேண்டாம்.

சொறி, புண், காது

முடி கொட்டிச் சொறியும் நாய்க்குப் பழைய என்ஜின் ஒயில் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கும், தோல் வெந்துபோகும், சொறிப் பூச்சி தோலுக்குள் அப்படியே இருக்கும். காது ஓரமும் முழங்கையும் முதலில் மொட்டையாகி, வீட்டாருக்கும் கடி தொடங்கினால் ஒருவகைச் சொறிப் பூச்சி என்று கொள்ளலாம். வாலடியில் மாத்திரம் கடித்தால் பெரும்பாலும் தெள்ளு. இரண்டுக்கும் இன்று மாத்திரை உண்டு. புண்ணில் கெட்ட வாடையும் சிறு துளைகளும் தெரிந்தால் உள்ளே புழு நெளிகிறது. மேலே தெரிவதைவிட உள்ளே பள்ளம் பெரிதாக இருக்கும் என்பதால் வீட்டில் இரண்டை எடுத்துவிட்டு மூடிக் கட்டக் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது

தள்ளாட்டமும் வலிப்பும் வைத்தியரின் மேசைக்குப் போனதும் நின்றுவிடக்கூடியவை. ஆகையால் வீட்டிலேயே தொலைபேசியில் அரை நிமிடமாவது படம் பிடித்துக்கொள்ளுங்கள். கழிச்சலில் சிறிதளவைச் சுத்தமான போத்தலில், எடுத்த உண்ணியை இன்னொன்றில், தடுப்பூசி அட்டையை ஒரு பையில் வையுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சிறுநீர் போன நேரம், வெப்பநிலை, ஏற்கெனவே வீட்டில் கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த மருந்தை வெட்கத்தால் மறைப்பவர்கள் பலர். அடுத்து எந்த ஊசியைப் போடலாம் என்பது அந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.